வண்டியை வாங்காமல் போனவர்

போன வருடம், ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை. கோலார் தங்க வயலில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. என் மகனுடைய ஸ்போர்ட்ஸ் பைக்கை விலைக்குக் கேட்டு ஒருவர் வருவதாக இருந்தது. காலையிலிருந்தே எனக்கு ஒரே ஜெபம். "ஆண்டவரே, பெரிய விலை வேண்டாம். நல்ல ஆளாக ஒருத்தரை அனுப்பும், இன்றைக்கே அதைக் கொண்டுபோய்விடட்டும்" என்று. அவரும் நல்ல ஆளாகத்தான் அனுப்பினார். அதில்தான் எனக்குத் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு பெங்களூரில் வேலை. இங்கே பல பேரைப் போல விடியற்காலை ரயிலில் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவன். வாரம் முழுவதும் கூட்டத்தில் நசுங்கிப் போய் வருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். ஆராதனை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு பூதிகோட்டை ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தால், அடுத்த வாரத்துக்குத் தாங்கும். அதற்காகவே ஆசை ஆசையாக வாங்கிய வண்டி. ஆனால் ஹேண்டில் ரொம்பத் தாழ்ந்திருக்கும். ஓட்டுகிறவன் பெட்ரோல் டேங்கின் மேல் கவிழ்ந்துகொண்டுதான் போக வேண்டும். "இன்னாடா இது, கீழே எதையோ தொலைச்சிட்டுத் தேடற மாதிரி" என்பேன். சிரிப்பான்.

அப்புறம் ஒரு நாள் ரயிலைப் பிடிக்க ஓடி, பிளாட்பாரத்தில் விழுந்து, வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். உள்ளே பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. எழுதுகிறான், சாப்பிடுகிறான், எனக்குத் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கித் தருகிறான். அந்த வண்டியில் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் உடம்புப் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கிவிடும். ஒருமுறை தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். அன்றைக்கே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு வண்டியை மூடிவிட்டான்.

நான் விடுவேனா? விற்றுவிடு, விற்றுவிடு என்று தினமும் அதே பாட்டு. "விழுந்தது ரயிலுக்கு ஓடினப்ப. விக்கிறது பைக்கையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் நியாயம் பேச நான் ஒருத்திதான். கடைசியில் ஒரு நாள் என் மகன், "சரி மம்மி, வித்துடலாம்" என்றான். சண்டை போடுவான் என்று தயாராக இருந்தவளுக்கு அது சப்பென்று ஆகிவிட்டது. அதன்பிறகு அவன் பேச்சே குறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். வயசுப் பிள்ளை, போகப் போகச் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பங்காருபேட்டைப் பக்கத்துக்காரர், பெங்களூரில் ஏதோ ஆபீஸ் உத்தியோகம். வீட்டில் கன்னடமாம், எங்களோடு நன்றாகவே தமிழ் பேசினார். யாராவது இளவட்டம் வரும் என்று பார்த்தால், முன்நெற்றி ஏறிய மனுஷன் வந்து நிற்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். பெட்ஷீட்டை விலக்கியதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். திருவிழாக் கடையில் நிற்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டார்ட் பண்ணிக் காது கொடுத்துக் கேட்டார். ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"வண்டி சூப்பரா கீது தம்பி. இந்த ஹேண்டில்தான் நம்ம வயசுக்கு ஆகாது. வாங்கின கையோட நாலு விரல் தூக்கி வெச்சிடுவேன். அதுக்குன்னே பிடி விக்கிறாங்க. நிமிர்ந்து உக்காரலாம், கையில பாரமே வராது. ஆமா, நீ எதுக்கு விக்கிறே?"

என் மகன் மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைக் காட்டினான்.

அவர் தழும்பைப் பார்த்தார். ஹேண்டிலைப் பார்த்தார். அப்புறம் கொஞ்ச நேரம் இவன் முகத்தையே பார்த்தார். "அப்போ நீயே தூக்கி வெச்சு ஓட்டலாமே?" என்றார்.

"அது அங்கிள்ங்க பண்றது சார். ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஹேண்டிலைத் தூக்கினா பசங்க சிரிப்பானுங்க."

"சிரிக்கிறவன் கையில பிளேட் கீதா?"

என் மகன் சிரித்துவிட்டான். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன். அவர் சாவியை எடுத்து டேங்கின் மேல் வைத்துவிட்டார்.

காபி டம்ளரோடு வெளியே வந்த எனக்கு எரிச்சலாக வந்தது. வாங்க வந்தவர் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, இவருக்கு இன்னாத்துக்கு இந்த வேலை? "ஏன் சார், வண்டி பிடிக்கலையா?" என்று கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டேன்.

"ரொம்பப் பிடிச்சிடுச்சு மா. அதான் சொல்றேன். ஆனா நீங்க வித்துடலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே எடுத்துக்கறேன்" என்றார்.

என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் மைனிங் லைனில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவள். என் அப்பா பூமிக்குக் கீழே வேலை செய்தவர். எங்கள் லைனில் ஷிஃப்டுக்குக் கிளம்பி வாசலில் நிற்கிற ஆளிடம் எந்தப் பெண்ணும் "போகாதீங்க" என்று சொல்ல மாட்டாள். முந்தின நாள் கீழே பாறை சரிந்திருந்தாலும் சொல்ல மாட்டாள். டிபன் கேரியரைக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்பாள், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான், வாசலில் நிற்கிற என் பிள்ளையிடம் எத்தனை மாதமாக "போகாதே" என்பதைத் தவிர வேறு என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? பயம்தான், வேறென்ன. அந்தப் பயம் அப்போதும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் "வித்துடலாம்" என்ற வார்த்தை வரவில்லை.

"தூக்கி வெச்சா நெஜமாவே கை வலிக்காதா?" என்றுதான் கேட்டேன்.

என் மகன் தலை நிமிர்ந்தான். அவர் காபியை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு மா, உங்ககிட்டதான் சொல்லணும், இவனுக்கு அவசரத்துல மறந்துடும். ஹேண்டில் உசந்தா ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் பத்தாம இழுத்துக்கும். மாட்டி முடிச்சதும் இஞ்சின் ஓடறப்பவே ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாக்கணும். சத்தம் ஏறுச்சுன்னா வண்டியை எடுக்கவே கூடாது." காபியைக் குடித்தார், வண்டியை ஒருமுறை தடவிக்கொடுத்தார், பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடையில் ஹேண்டிலைத் தூக்கி வைத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். ஏறி உட்கார்ந்த என் மகன், "மம்மி, வலியே இல்ல" என்றான். கண் கலங்கியிருந்தது. உடனே ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பப் பார்த்தான். கடைக்கு எதிரே சனிக்கிழமை பஜார், காய்கறிக் கூடைகளும் பிள்ளைகளைக் கையில் பிடித்த பெண்களுமாக நெரிசல். நான் போய் வண்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"ஹேண்டிலைத் திருப்பு."

"மம்மி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். திருப்புடா."

வலது பக்கம் திருப்பினான். ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கம் கடைசி வரைக்கும் திருப்பினான். அவன் முறுக்காமலே இஞ்சின் 'உர்ர்'ரென்று உறுமியது. கியரில் போட்டு அப்படியே இடது பக்கம் வளைத்து ரோட்டில் இறங்கியிருந்தால் வண்டி தானாகக் கூட்டத்துக்குள் பாய்ந்திருக்கும். மெக்கானிக் கை நீட்டிச் சாவியைத் திருகி அணைத்தார். அப்புறம் அவரே நீளமான கேபிள் வரவழைத்து மாட்டி, எங்கள் கண் முன்னால் பல தடவை திருப்பிக் காட்டிய பிறகுதான் வண்டியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அப்போதுதான் அப்பா சொல்வது ஞாபகம் வந்தது. காலையில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குவதற்கு முன்னால், அவர்கள் ஏறிப் போகிற இரும்புக் கூண்டான கேஜை வெறுமையாக ஒருமுறை கீழே அனுப்பி, மேலே கொண்டுவந்து பார்ப்பார்களாம். அதன்பிறகுதான் ஆட்கள் ஏறுவார்களாம். அம்மாவால் எப்படி வாசலில் நின்று "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வாசலில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஒரு பக்கம் திருப்புவான், மறுபக்கம் திருப்புவான். அடுப்படியிலிருந்தே காது கொடுத்துக் கேட்பேன். சத்தம் ஏறாது. "போயிட்டு வா" என்பேன். அவன் திரும்பி வருகிற வரைக்கும் மனசு திக்கு திக்கென்றுதான் இருக்கும், அது போகாது. ஆனால் வந்ததும் பூதிகோட்டை ரோட்டில் பார்த்த கதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறான்.

அந்த மனுஷன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஜெபத்தில், ஆசைப்பட்டதை என் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போன அவருக்கும் அதே மாதிரி ஒரு வண்டி கிடைக்கட்டும் என்றும், இந்தத் தடவை அதை விற்கிற வீட்டில் யாருக்கும் மணிக்கட்டு உடைந்திருக்க வேண்டாம் என்றும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறேன்.