முழங்கால் உயரத் தோட்டம்

எங்கள் வீட்டுக் கீரையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். முதல் தண்ணீர் காவி நிறத்தில் ஓடும், இரண்டாவது கலங்கலாக இருக்கும், மூன்றாவதில்தான் பாத்திரத்தின் அடி தெரியும். ரயில் பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தில் தேய்ந்து பறக்கும் இரும்புத்தூள் அது. விரலில் தேய்த்தால் நறநறக்கும், முகர்ந்தால் பழைய சாவிக்கொத்தின் வாடை அடிக்கும். அலசிய பிறகு மற்ற எந்தக் கீரையையும் போலத்தான் ருசிக்கும் என்றாலும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனை ஒட்டிய தெருக்களில் அதற்கு ‘ரயில் கீரை’ என்றுதான் பெயர்.

“ரயில்ல போறவங்க போடற உரந்தானே தனம், அதான் இப்படித் தளதளன்னு இருக்கு” என்று கேலி பேசிக்கொண்டேதான் வாங்குவார்கள். அம்மா அசரமாட்டாள். “தண்டவாளம் அங்க, பாத்தி இங்க. சந்தேகம்னா வந்து பாத்துட்டு வாங்குங்க” என்று சொல்லியபடி அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். ஸ்டேஷனைத் தாண்டிய ரயில், கொள்ளிடத்துப் பாலத்தை நோக்கி லேசாக வளையும் இடத்தில் எங்கள் கேட் இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டுமாக எங்களுக்குக் கொடுத்த வீடு. தண்டவாளத்தின் இருபுறமும் சும்மா கிடந்த நிலத்தை அப்போதெல்லாம் வருஷக் குத்தகைக்கு விடுவார்கள். எங்கள் வீடு இருந்த மேற்குப் பக்கம் பயிருக்கு, எதிர்ப்பக்கம் புல்லுக்கு. பயிர்ப் பக்கத்தின் ஒரு துண்டு அப்பாவின் பெயரில் இருந்தது, ஆனால் அவர் அதில் ஒரு விதைகூடப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது முழுக்க அம்மாவின் நிலம்.

லால்குடிக்கு அப்பால், வெற்றிலை பயிரிடும் கொடிக்கால்களில் கூலி வேலை பார்த்த குடும்பம் அம்மாவுடையது. அடுத்தவர் சொன்ன இடத்தில் நட்டு, அடுத்தவர் சொன்ன நாளில் பறித்து வளர்ந்தவள். எங்கே என்ன போடுவது என்று அவளே முடிவு செய்த முதல் மண், இந்தத் தண்டவாள ஓரத்துத் துண்டுதான். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்பே அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். ஊரிலிருந்து யாராவது வந்தால் காபி கொடுப்பதற்கு முன்னால் தோட்டத்தைக் காட்டுவாள்.

குத்தகைக்கு நிபந்தனைகள் உண்டு. கிணறு தோண்டக் கூடாது, கொட்டகை போடக் கூடாது, ஆடு மாடுகளை உள்ளே விடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. வளைவில் வரும் டிரைவருக்குக் கேட் தெரிய வேண்டும் என்பதற்காக. அதனால் சோளமும் கம்பும் வாழையும் எங்களுக்குக் கிடையாது. முளைக்கீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி, ஓரத்தில் கொஞ்சம் கத்தரி, அவ்வளவுதான். யாருடைய முழங்கால் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்பா நல்ல உயரம். டியூட்டி முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கி, செடிகளோடு செடியாகச் சிறிது நேரம் நிற்பார். அதுதான் எங்கள் வீட்டு அளவுகோல்.

எதிர்ப்பக்கத்துப் புல்லைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள் மும்தாஜ் பெரியம்மா. கேட்டைத் தாண்டினால் அவள் வீடு. அவள் கணவர் மலைக்கோட்டை அடிவாரத்தில் குடை ரிப்பேர் கடை வைத்திருந்தார், அவள் வீட்டில் ஆடு வளர்த்தாள். அப்பா பாத்தியில் நிற்பதைப் பார்த்துவிட்டால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“சர்க்கார் சொன்னது உன் வீட்டுக்காரர் முழங்காலா, என் முழங்காலா தனம்? என்னுதுன்னா நீ கொத்தமல்லியத் தாண்டி வேற எதுவும் போட முடியாது” என்று தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கத்துவாள்.

இந்தத் தோட்டத்துக்கு ஒரே எதிரி எக்ஸ்பிரஸ் ரயில். அது போகும்போது எழும் காற்று, புழுதியோடு சேர்ந்து இளம் நாற்றுகளை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். நிமிர்த்திவிட்டு வந்தால் அடுத்த ரயில். அம்மா யோசித்தது கொடிக்கால்காரி யோசனை. தண்டவாளத்தை ஒட்டிய வரப்பு நெடுக அகத்தி விதையை நெருக்கமாக ஊன்றிவிட்டாள். வெற்றிலைக் கொடி ஏறுவதற்கு முதலில் அகத்தி போடுவதுதான் அவள் பார்த்து வளர்ந்த வழக்கம். அப்பாவுக்கு இது தெரிந்தபோது அகத்தி நாலு விரல் முளைத்திருந்தது.

“அகத்தி மரம்ல தனம்? ஆளு உயரத்துக்கு மேல போவுமே.”

“நான் வளர விட்டாத்தானே அது மரம்” என்றாள் அம்மா.

சொன்னபடியே வளர விடவில்லை. அதற்குத் துணை மும்தாஜ் பெரியம்மாவின் ஆடுகள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை அவள் அரிவாளோடு வந்து நுனியையெல்லாம் நறுக்கிக் கட்டிக்கொண்டு போவாள். பதிலுக்கு ஒரு கூடை ஆட்டுப்புழுக்கை எங்கள் பாத்திக்கு வந்து சேரும். நானும் அவள் பின்னாலேயே போய்விடுவேன். வெட்டிய தழையைத் தரையில் போட்டால் ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதையே கட்டாகக் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டால், கல்யாணப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு முன்னங்கால்களைத் தூக்கி நின்று தின்னும். “இதுங்களுக்கு இருக்கற கெத்தப் பாரு, கீழ விழுந்ததத் தொடாதாம்” என்பாள் பெரியம்மா. அந்த வருஷம் ரயில் போனாலும் எங்கள் நாற்றுகள் ஆடிவிட்டு நின்றன. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்த வருஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆடி மாதத்தில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. பெரியம்மாவின் ஆடுகளில் ஒன்று அவர்கள் வீட்டுக் குர்பானிக்குப் போக, மற்றவை விலைக்குப் போயின. எங்களுக்கு ஒரு தூக்கில் பிரியாணி வந்தது. மறுநாளிலிருந்து அவள் வீட்டுக் கொல்லையில் வெறும் கயிறு மட்டும் தொங்கியது. மணப்பாறைச் சந்தையில் குட்டி விலை இறங்கட்டும், அப்புறம் வாங்கலாம் என்று அவள் பொறுத்திருந்தாள். ஆவணியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. தின்ன வாயில்லாத அகத்தி மழையில் நனைந்து கிடுகிடுவென்று ஏறியது.

அம்மா வெட்டியிருக்கலாம். ஆனால் நல்ல தழையை வெட்டிக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. அத்தோடு புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அன்றைக்குக் காவிரிக்கரையில் ‘அம்மா மண்டபம்’ படித்துறையில் கூட்டம் அலைமோதும். திதி கொடுத்துவிட்டு வருகிறவர்கள் மாட்டுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிக் கொடுக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அந்த ஒரு நாளைக்காக அம்மா காத்திருந்தாள். அப்பா பாத்தியில் இறங்கி நிற்பதை நிறுத்திவிட்டார், நின்று பார்க்க அவசியமே இல்லாத உயரம் வந்துவிட்டது.

“வெட்டிடு தனம், டிராலி வர்ற நேரம்” என்று தினமும் சொன்னார்.

“அமாவாசை முடியட்டுங்க. இன்னும் எத்தனை நாளு?” என்று தினமும் பதில் வந்தது.

டிராலி அமாவாசைக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தண்டவாளத்தின் மேல் ஓடும் ஒரு சின்ன மேடைதான் டிராலி. ஆட்கள் பின்னால் ஓடித் தள்ள, மேலே ஒரு பெரிய குடையின் கீழ் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்தபடி வருவார் இன்ஸ்பெக்டர். அந்த வருஷம் புதிதாக வந்திருந்தவர் குள்ளமான மனிதர். வளைவிலேயே டிராலியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து வந்தார். அகத்தி வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தழை அவர் நெற்றியைத் தொட்டது.

“இதான் முழங்காலா?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கையில் பச்சைக்கொடியை வைத்துக்கொண்டு நின்றார்.

“அவரக் கேக்காதீங்க சார், போட்டது நான்தான்” என்றாள் அம்மா. “இந்தக் காத்துக்கு நாத்து நிக்க மாட்டேங்குது. இன்னும் நாலு நாளுல வெட்டிடறேன்.”

“நாலு நாளெல்லாம் கிடையாதும்மா. அடுத்த வருஷக் குத்தகைக்கு நாந்தான் சரின்னு சொல்லணும். இதப் பாத்துட்டு எப்படிச் சொல்றது? வேற ஆளுக்குத்தான் போவும்.”

அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கேட் கம்பத்துக்கு அருகில், வரிசையின் கடைசி அகத்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அம்மா கெஞ்சவில்லை, விவாதம் செய்தாள். இது என்ன மறைக்கிறது, கேட் அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, சிவப்புத்தகடு தெரிகிறது, விளக்கு தெரிகிறது, இந்தத் தழை யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இன்ஸ்பெக்டர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, “வாங்கம்மா, காட்டறேன்” என்று முன்னால் நடந்தார். டிரைவர் ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகை வளைவின் அந்தக் கோடியில் இருந்தது. இருவரும் அதுவரைக்கும் போனார்கள். நான் அசையாமல் இருந்த இடத்திலேயே நின்றேன்.

அங்கே நடந்ததை அம்மா பிற்பாடு பலமுறை சொல்லியிருக்கிறாள். திரும்பிப் பாருங்கள் என்றாராம். பார்த்தாள். கேட் தெரிந்தது, அப்பாவும் அவர் கொடியும் தெரிந்தன.

“எல்லாந்தான் தெரியுதே சார்.”

“உங்க பொண்ணு எங்க நிக்குது?”

அம்மா தேடினாள். கம்பத்துக்குப் பக்கத்தில் பச்சையாக அகத்தி மட்டும் இருந்தது.

“டிரைவர் இன்னும் ஒசரத்துல உக்காந்திருப்பாரு. ஆனா இவ்வளவு தூரத்துல அது பெருசா உதவாது. பக்கத்துல வந்து பாத்தா அப்புறம் வண்டி நிக்காது” என்றாராம் அவர், ஏதோ நேரம் சொல்வதைப் போல.

திரும்பி வந்தபோது அம்மா ஓட்டமும் நடையுமாக அவருக்கு முன்னால் வந்தாள். நேராக வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்து வந்து, என் பக்கத்திலிருந்த செடியிலிருந்து ஆரம்பித்தாள். வரிசையில் பாதி போன பிறகுதான் நிமிர்ந்தாள்.

“சார், குத்தகைய யாருக்கு வேணா குடுங்க. ஆனா இந்த வேர மட்டும் பிடுங்கச் சொல்லாதீங்க. யாரு பயிர் வச்சாலும் அவங்களுக்கும் காத்துதானே?”

இன்ஸ்பெக்டர் வெட்டிக் கிடந்த தண்டுகளில் நேராக இருந்த ஒன்றை எடுத்துத் தன் காலோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். முழங்கால் வருகிற இடத்தில் வெட்டித் தரச் சொல்லி, வெட்டியதை அம்மாவிடமே நீட்டினார்.

“இது என் முழங்கால். இதுக்கு மேல போகக் கூடாது. உங்க வீட்டுக்காரர் காலு கணக்குல சேராது, அவரு தென்னமரம்” என்றார். டிராலி தள்ளுகிறவர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். பச்சைக்கொடியை இன்னும் தூக்கிப் பிடித்திருந்த அப்பாவும் கடைசியில் சிரித்துவிட்டார்.

வெட்டிய தழை மலைபோலக் குவிந்தது. அமாவாசை வரைக்கும் தாங்காது, வாடிவிடும். அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் திரிந்த மாடுகளுக்கெல்லாம் அம்மா அதை அள்ளி அள்ளிப் போட்டாள். “மாடுங்களுக்கு இந்த வருஷம் அமாவாசை முன்னாடியே வந்துருச்சு போல” என்றபடி வந்து நின்ற மும்தாஜ் பெரியம்மா நடந்ததைக் கேட்டதும் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடுத்த சந்தைக்கே போய், விலை இறங்காமலேயே, இரண்டு குட்டிகளை வாங்கி வந்தாள். “லாபத்துக்கு ஆடு வளக்கறவங்களப் பாத்திருப்பே. ஒரு குச்சிக்காக ஆடு வளக்கறவ நான் ஒருத்திதான்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வருஷமும் குத்தகை எங்களுக்கே வந்தது. அதற்கு அடுத்தடுத்த வருஷங்களிலும் வந்தது. நான் பள்ளிப்படிப்பை முடிக்கும் காலத்தில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அம்மா ஒரு வாரம் உட்கார்ந்து பாத்திகளைக் கொத்திச் சமப்படுத்தி, அகத்தி வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, வெறும் தரையாக ஒப்படைத்தாள். எப்படியும் மேலே ஜல்லி கொட்டத்தான் போகிறார்கள் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். “கைமாத்தா வாங்கின பாத்திரத்தக் கழுவாமலா குடுப்பாங்க?” என்று கேட்டாள்.

இப்போது அங்கே கேட் இல்லை. சாலை தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதையாகப் போகிறது. மேலே இரட்டைப் பாதையும் மின்கம்பிகளும், இரு பக்கமும் கருங்கல் ஜல்லியும் மட்டும். நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டார்கள், குத்தகைக்கு விடுகிற வழக்கமும் அந்தப் பக்கத்தில் நின்றுபோய்விட்டது. மும்தாஜ் பெரியம்மா மகளோடு பாலக்கரைக்குப் போய்விட்டாள். மாடிவீடு என்பதால் ஆடு இல்லை, அதைப் பற்றிக் குறை சொல்ல மட்டும் ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள்.

போன மாதம் லால்குடியில் ஒரு கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் ரயிலில் போனோம். ஸ்ரீரங்கத்தைத் தாண்டியதும் நான் ஜன்னலில் எட்டி எட்டிப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்குப் பிடிபடவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று அம்மாவைக் கேட்டேன். என்னை ஒதுக்கிவிட்டு அவள் ஜன்னலோரம் நகர்ந்து, வளைவு முழுவதையும் முன்னும் பின்னும் நிதானமாகப் பார்த்தாள்.

“எதுக்கு வருத்தம்?” என்றாள். “பாரு, எவ்வளவு தூரம் வரைக்கும் தெரியுது.”