ஐ ஈட் எ மேங்கோ

டென்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாற ஆள் எடுக்கப்போவதாகவும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தால் போதுமென்றும் சொன்னார்கள். சோப்புத் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடந்த எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. புதுப்பட்டினத்தில் ஒரு மாடியில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன்.

வாத்தியாரிடம் இருந்தது ஒரே வாக்கியம். ஐ ஈட் எ மேங்கோ. அதையே பன்னிரண்டு டென்ஸிலும் மாற்றிப் பலகையில் எழுதுவார். நாங்கள் வாய்ப்பாடு மாதிரி சேர்ந்து கத்த வேண்டும். அர்த்தம் கேட்டால், "மொதல்ல மனப்பாடம் பண்ணு, அர்த்தம் தானா வரும்" என்பார். தமிழில் பேசினால் எழுந்து நிற்க வேண்டும். நான் கூச்சக்காரன். எதையும் கேட்காமல் கத்தினேன். தட்டுக் கழுவும்போதும் உதடு அதையே முணுமுணுத்தது.

ஆள் எடுக்கும் நாளன்று ஓட்டல் மேனேஜர், நேற்று என்ன செய்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். கேள்வி புரிந்தது. முடிந்துபோனதைச் சொல்ல வேண்டும் என்பதும் புரிந்தது. ஆனால் அதற்கான வரி அந்த மாம்பழ வாய்ப்பாட்டின் நடுவில் இருந்தது. ஆறேழு எவ்வளவு என்று கேட்டால், ஓரேழு ஏழிலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும். அதேபோல் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.

"ஐ ஈட் எ மேங்கோ. ஐ ஆம் ஈட்டிங் எ மேங்கோ..."

"இப்பவா?" என்றார் மேனேஜர். "வாயில ஒண்ணும் காணோமே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அடுத்த வரி வரவில்லை. வேலை வேறொருவனுக்குப் போனது.

மறுபடி குழாயடிக்கு வந்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாங்கா, வேல கெடச்சுதா?"

"கேட்டது புரிஞ்சுது அண்ணாத்த. பதில்தான் வரல."

"அட போடா. துன்றேன், துன்னுகினு கீறேன், துன்னேன். டெய்லி நம்ம பேசறதுதான? இதுக்கு இன்னாத்துக்கு மாடி ஏறின?"

கையிலிருந்த தட்டை அப்படியே தொட்டியில் போட்டேன். என் வாயில் பிறந்ததிலிருந்து இருப்பதை வைத்தே சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்த வாயை மூடச் சொல்லிவிட்டு மாம்பழத்தைத் திணித்தார்கள்.

அன்று சாயங்காலம் வகுப்பில் நானாகவே எழுந்தேன்.

"சார், ஓட்டலுக்கு வர்றவன் எவன் சார் மாங்கா கேக்கறான்? தண்ணி கொண்டாந்தேன், தட்ட எடுத்துகினு போறேன், இதச் சொல்லிக் குடுங்க சார்."

"தமிழ்ல பேசாத. ஸ்டாண்ட் அப்!"

"நின்னுகினுதான் சார் கீறேன்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவர் கதவைக் காட்டினார். படியிறங்கும்போது மேலே எல்லோரும் மறுபடி கத்தத் தொடங்கினார்கள், முதல் வரியிலிருந்து.