சீன மருந்துக்கு நாக்கு நீட்டிய நாள்

காலை ஐந்தரை மணிக்கு மாவ்பி சந்தை முனையில் பஸ் ஏறினேன். யாங்கோன் முப்பது மைல், கட்டணம் இரண்டாயிரம் கியாட். அங்கே சீனர்கள் இருக்கும் லத்தா வட்டாரத்தில் ஒரு சீன மருந்துக் கடையில், வருஷம் முழுக்க ஒழுகும் மூக்குக்கு மருந்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டேன்.

நான் கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவன். மழை, வெயில், பனி என்று பார்க்காமல் பன்னிரண்டு மாதமும் தும்மல், அடைப்பு. போன மாதம் வெங்காயம் கருகியது எனக்குத் தெரியவில்லை. பந்தியில் உட்கார்ந்த முந்நூறு பேருக்கும் தெரிந்தது. எங்கள் குழுவை நடத்துகிற தங்கை கணவர் அஜீஸ், "இன்னொரு தேக்சா கருகிச்சுன்னா, மச்சான், நீங்க தட்டு கழுவத்தான் வரணும்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அடுத்த கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் குன்யா நீட்டினார். பாக்கும் சுண்ணாம்பும் வைத்து மடித்த வெற்றிலை. நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மென்றேன். வழியில் இன்செய்ன் பக்கம் நெரிசலில் பஸ் நின்றபோது இன்னொன்று கொடுத்தார். அதையும் மென்றேன்.

எட்டேகாலுக்குக் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். என் முறை வரும்போது ஒன்பதரை. சயா, அதாவது வைத்தியர், மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு பர்மிய மொழியில், "நாக்கு" என்றார். நீட்டினேன்.

"இது நாக்கா, செங்கல்லா? நெறத்தைப் பார்த்துத்தான் உடம்புல சூடா குளிர்ச்சியான்னு நான் சொல்லணும். குன்யா போட்டுட்டு வந்தா, குன்யாவுக்குத்தான் வைத்தியம் பண்ணணும்!"

பெஞ்சில் இருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். குன்யா கூடாது என்று வாசலில் ஒட்டியிருக்கிறதாம். நாலாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெரிய எழுத்தே மெதுவாகத்தான் ஓடும். அது பொடி எழுத்து.

கடைக்குப் பின்னால் குழாயடியில் உப்புப் போட்டுத் தேய்த்தேன். துண்டால் தேய்த்தேன். நாக்கு எரிந்ததே தவிர வெளுக்கவில்லை. "ரெண்டு மணிக்கு வாங்க. அதுவரைக்கும் வெந்நீர் மட்டும்" என்று அனுப்பிவிட்டார். நாலரை மணி நேரம் வெறும் வயிற்றோடு லத்தா நடைபாதையில் திரிந்தேன். பத்தடிக்கு ஒரு குன்யாக் கடை. நூடுல்ஸ் கடையில் வெந்நீர் மட்டும் கேட்டேன்; கடைக்காரர் முறைத்துக்கொண்டே ஊற்றினார்.

இரண்டு மணிக்கு சயா நாக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு எழுதினார். ஏழு பொட்டலம், ஒன்று ஆறாயிரம் கியாட். "மண்சட்டியில மூணு கிண்ணம் தண்ணி ஊத்தி ஒரு கிண்ணமா சுண்டவைங்க. ஐஸ் தண்ணி வேண்டாம். குன்யா…" முடிக்காமல் என்னையே பார்த்தார். தலையாட்டினேன். பத்து நாளைக்குள் வாசம் தெரிந்துவிடுமா என்று கேட்க நினைத்தேன். பின்னால் ஆள் நின்றதால் கேட்கவில்லை.

மருந்து கட்டும் பெண் ஏழு காகிதங்களை மேசையில் விரித்து, புதினா இலை, காய்ந்த மொட்டு, வேர்த்துண்டு என்று இழுப்பறை இழுப்பறையாகப் பங்கு வைத்தாள். தூசி எழுந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்பது தும்மல். மூன்று காகிதங்களில் இருந்த இலையெல்லாம் தரையில்.

"ஊலே, சீனாவுலேருந்து வந்த மருந்தை ஒரே மூச்சுல திருப்பி அனுப்பிட்டீங்களே!" என்றாள். ஊலே என்றால் மாமா. பெஞ்சு மறுபடி சிரித்தது. அவள் புதிதாக அளந்து முடிக்கும்வரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

மூன்றரைக்குத் திரும்பும் பஸ். பை மடியில் இருந்தது. பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார். "என்ன நாத்தம் இது! மடியில என்ன ஊலே? ஜன்னலைத் திறங்க!" முன் இருக்கைக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

பையைப் பிரித்து, முகத்தை உள்ளே விட்டு மூச்சை இழுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

காலையிலிருந்து வெந்நீர் தவிர யாரிடமும் எதுவும் கேட்காதவன் அவரிடம் கேட்டேன். "எப்படி அடிக்குதும்மா? கொஞ்சம் சொல்லுங்களேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பையை வாங்கி முகர்ந்தார். "நனைஞ்ச பலகை. அதிமதுரம். அடியில கொஞ்சூண்டு புதினா."

புதினா. பிரியாணிக்கு நான் கைகையாக அள்ளிப் போடுவது. மாவ்பியில் இறங்கியதும் மண்சட்டி வாங்கினேன். அடுப்பில் வைத்ததும் அந்தப் புதினா வாசம் மட்டும் தெரிந்தால் போதும்.