அவள் தானே ஏறிய கார்

இனிப்புநீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை நோயால் என் மனைவியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது ஒரு தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில். சிறுநீரகம் அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் ஜொகூரின் ஸ்கூடாயில் உள்ள டயலிசிஸ் நிலையத்துக்குப் போயாக வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று அவளுடைய தம்பி தன் சிறிய காரைக் கொண்டுவந்திருந்தான். அவன் அக்குளைப் பிடித்துக்கொள்ள, மருத்துவமனை ஊழியர் ஒருவர் தொடையைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக அவளைத் தூக்கிப் பின் இருக்கைக்குள் தள்ளினார்கள். தலை கதவில் இடித்தது. கைலி விலகியது. வாசலில் டாக்சிக்குக் காத்திருந்தவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

“இனிமே என்னை யாரும் ஏத்தக் கூடாது. நானா ஏற முடிஞ்சா வர்றேன். ஏத்தித்தான் கூட்டிட்டுப் போவணும்னா டயலிசிஸே வேணாம்.”

கோபத்தில் சொல்கிறாள் என்று தம்பி நினைத்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே விடிகாலையில் லாரி வரும். எண்ணெய்ப்பனைக் குலையும் அதில்தான் போகும், ஆட்களும் அதில்தான் போவார்கள். “ஆள ஏத்தியாச்சா?” என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி கேட்பாராம். அவளுடைய அம்மா அந்த லாரியில் ஒருநாளும் ஏறியதில்லை, ஏற்றப்பட்டாள் என்று எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஒரு மெய்யெழுத்தில் இருக்கிற வேறுபாடு அது. ஏறுவது மனிதர். ஏற்றப்படுவது சரக்கு.

எங்கள் வீட்டுப் போர்ச்சில் ஒரு பழைய பெரிய கார் நின்றது. பிள்ளைகள் சிறுவயதாக இருந்தபோது வாங்கியது, ஏழெட்டுப் பேர் உட்காரலாம். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு நாட்டில் தங்கிவிட்ட பிறகு பெட்ரோலுக்குப் பயந்து அதை நான் அதிகம் எடுப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை அவள் சக்கர நாற்காலியை அதன் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். பக்கக் கதவு வெளியே திறக்காது, பின்னால் சறுக்கிக்கொண்டு போகும். நடு வரிசை இருக்கை சுழலும். அதை வாசல் பக்கம் திருப்பினோம். நாற்காலியின் உயரமும் இருக்கையின் உயரமும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் நடுவே அலமாரிப் பலகை ஒன்றை வைத்து, மேலே உள்ள பிடியைப் பற்றி, இடுப்பை நகர்த்தி நகர்த்தி அவள் உள்ளே போனாள். வியர்த்துவிட்டது. பிறகு வலது காலால் தரையை உந்தி, இருக்கையை முன்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“கதவச் சாத்துங்க. போலாம்” என்றாள்.

அன்றிலிருந்து அந்தக் கார் அவளுடையது.

அது எங்கே பிறந்த கார் என்பதை அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். எதையும் ஆண்டோடு தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் காரின் மூக்கில் உள்ளூர் நிறுவனத்தின் சின்னமும் மலேசியப் பெயரும் இருந்தன. உள்ளே இருந்தது முழுக்கக் கொரியா. கொரியாவில் வடிவமைத்த வண்டியை இங்கே பாகம் பாகமாகப் பூட்டி, வேறு பெயர் வைத்து விற்றார்கள். அந்தக் கொரிய நிறுவனம் 1944இல் இரும்புக் குழாயும் சைக்கிள் பாகங்களும் செய்யத் தொடங்கியது. 1952இல், நாடு போரில் எரிந்துகொண்டிருந்தபோது, முழுச் சைக்கிள் செய்தது. பிறகு மோட்டார்சைக்கிள், மூன்று சக்கர லாரி. 1974இல் கார். 1981இல் அங்கிருந்த ராணுவ ஆட்சி, நீ கார் செய்யக் கூடாது, சரக்கு வண்டி மட்டும் செய் என்று ஆணையிட்டது. சில ஆண்டுகள் சின்ன லாரியும் வேனும் விற்றுத்தான் பிழைத்தார்கள். தடை நீங்கிக் காருக்குத் திரும்பி, நன்றாக ஓடி, அளவுக்கு மீறிக் கடன்பட்டு, 1997இல் விழுந்தார்கள். மறு ஆண்டு, நேற்றுவரை எதிரியாக இருந்த இன்னொரு கொரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. அதே ஆசிய நிதி நெருக்கடியில்தான் எங்கள் நாணயம் ரிங்கிட்டும் விழுந்தது; நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில் பாதிப் பேரை அனுப்பினார்கள். எங்கள் கார் அந்தக் காலத்தில் பிறந்த மாடல். விழுந்து எழுந்தவர்கள் செய்த வண்டி என்பதில் எனக்கு ஒரு பற்று உண்டாயிற்று.

இதையெல்லாம் கட்டுரையாக எழுதி, இந்த மாடல் வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஜொகூர்த் தமிழர்கள் மட்டும் இருந்த குழு அது. தொடக்கத்தில் கலகலப்பாக இருந்தது. “இத விக்கணும்னா வாங்குறவனுக்கு நாமதான் விருந்து வச்சு அனுப்பணும்” என்று பத்து பகாட் ஊரிலிருந்து ஒருவர் எழுதுவார். “என் மூணு பிள்ளையும் இதுலதான் தூங்கி வளந்துச்சு. இதப் பழிச்சா பிளாக் பண்ணிருவேன் லா” என்று குளுவாங் ஆசிரியை ஒருவர் பதில் போடுவார். ஏர்கோன் நன்றாகக் குளிரும், பெட்ரோல் குடிக்கும், சாமான் கிடைக்காது, நீண்ட பயணத்துக்கு இதைப் போல எதுவும் இல்லை. இந்த நான்கையும்தான் எல்லாரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒவ்வொருவராக வண்டியை விற்றார்கள், குழுவை விட்டுப் போனார்கள். அதே நிறுவனத்தின் புது மின்சாரக் காரை வாங்கிய ஒருவர் படம் போட்டார். அது உலகத்தில் விருதெல்லாம் வாங்கிய கார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் போய்விட்டார்.

என் கட்டுரைக்கு இரண்டு கட்டைவிரல்கள் வந்தன.

மைத்துனன் சிங்கப்பூரில் வேலை செய்பவன். மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்வரும் களைப்போடு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து காரைச் சுற்றிப் பார்ப்பான்.

“மச்சான், இது கார் இல்ல, டிவி சீரியல். ஒரு பிரச்சன முடிஞ்சா அடுத்தது ஆரம்பிக்குது.”

“உன் சின்னக் கார்ல ஏறணும்னா நான் சர்க்கஸ்ல சேரணும்டா” என்பாள் அவள் உள்ளே இருந்து.

“அக்கா, நான் தூக்குனப்ப கனமே தெரியல. பஞ்சு மாதிரி இருக்க.”

“பஞ்ச கடையில போய்த் தூக்கு.”

நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை, ஸ்கூடாய் நெடுஞ்சாலை நெரிசலில், இஞ்சின் சத்தம் உயர்ந்தது, கார் நகரவில்லை. மிதித்தால் உறுமியது, அவ்வளவுதான். இழுவை வண்டி வந்தது. ஓட்டுநர் மலாய்க்காரர், அவளை இறக்கித் தன் பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்றார். அவர் இருக்கை அவளுடைய தோளுயரத்தில் இருந்தது. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். இழுபடும் காருக்குள் ஆள் இருப்பது சட்டத்துக்கு விரோதம், போலீஸ் பார்த்தால் எனக்குத்தான் சம்மன் என்று அவர் முணுமுணுத்தார். பிறகு அவளுடைய காலைப் பார்த்தார். முன் சக்கரங்களைக் கொக்கியில் தூக்கிக்கொண்டு மெதுவாக டயலிசிஸ் நிலைய வாசலுக்கே இழுத்துப் போனார். அவள் பின்பக்கம் சாய்ந்தபடி உள்ளேயே இருந்தாள். “தேருல வர்ற அம்மன் மாதிரி இருக்கேன்ல?” என்று என்னிடம் கேட்டாள். அவளாகவே இறங்கினாள். அதுதான் அவள் அதிலிருந்து இறங்கிய கடைசித் தடவை.

எங்கள் பொமென், அதாவது பட்டறைக்காரர், காரின் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“கியர்பாக்ஸ் செத்துப்போச்சுண்ணே. பிரிச்சுக் கட்டலாம்னா உள்ள போடுற சாமான் இல்ல. முழுசா ஒன்னு கெடச்சா மாட்டிரலாம். ஹாஃப்கட் கடையில கேட்டுப் பாருங்க.”

வெளிநாட்டில் கழித்த கார்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, இஞ்சினோடு கப்பலில் இறக்குவார்கள். அவற்றை விற்கும் கடைகளுக்கு அந்தப் பெயர். ஜப்பான் கார்களின் பாதிகள் அங்கே மலைபோலக் கிடக்கும். கொரியாவினுடையது அபூர்வம்.

“நம்ம ஊரு பேரச் சொல்லிக் கேக்காதீங்க. அது வெளிய யாருக்கும் தெரியாது. கொரியாப் பேரச் சொல்லிக் கேளுங்க” என்றார் பொமென்.

சரியான யோசனை. கடை கடையாக அந்தப் பெயரைத்தான் சொன்னேன். குழுவிலும் கொரியப் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டு, கியர்பாக்ஸ் உடனடியாகத் தேவை என்று ஒன்றுக்கு மூன்று முறை எழுதினேன்.

அதுவரைக்கும் நிலையத்தின் உதவி வேன் வந்தது. அதற்குப் படி உயரம். ஓட்டுநரும் ஓர் உதவியாளரும் அவளைத் தூக்கி வைத்தார்கள். நல்ல பிள்ளைகள், கவனமாகத்தான் தூக்கினார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். “கார் வர்ற வரைக்கும்தான்” என்று நான் சொல்லியிருந்தேன். அவள் ஒப்புக்கொண்டதும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும், “பொமென் போன் பண்ணாரா?” என்று கேட்பாள்.

வாரங்கள் மாதங்களாயின. செப்டம்பரில் ஹரி மலேசியா என்ற மலேசிய நாளும் வந்து போனது. ஒரு மதியம் குழுவில் ஒரு படம் வந்தது. பொந்தியானில் ஒருவர், எங்களுடையதைப் போலவே வெள்ளி நிறக் கார் ஒன்று பழைய இரும்பு லாரியின் மேல் கட்டப்பட்டிருப்பதைப் படமெடுத்து, மலேசியப் பெயரைச் சொல்லி, “போய் வா ராசா, பதினாறு பேர ஒன்னா சுமந்த ஆளு நீ” என்று எழுதியிருந்தார். உடனே அழைத்தேன். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், பேசுவதற்கு ஆள் கிடைத்த மகிழ்ச்சி குரலில் தெரிந்தது.

“ஐயா, நான் கியர்பாக்ஸ் கேட்டு மூணு வாட்டி போட்டேனே, நீங்க பாக்கலையா?”

“பாத்தேன் சார். நீங்க கொரியா காருக்குல்ல கேட்டீங்க?”

“இதுவும் அதுதானேங்க.”

“எது? என்னுது மலேசியா காரு சார். கிராண்டுலயே அப்படித்தான் போட்டிருக்கு.”

அவர் சொன்னது பொய்யில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ளூர்ப் பெயர்தான் இருக்கும். என்னுடையதிலும் அதுதான்.

“ரெண்டும் ஒன்னுன்னு குழுவுல ஒரு வரலாறு எழுதியிருந்தேனே.”

“அதுவா. ரொம்ப நீளமா இருந்துச்சு சார். அப்பறம் படிக்கலாம்னு விட்டுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“கியர்பாக்ஸ் எப்படி இருந்துச்சு?”

“அது முத்து மாதிரி சார். ரீகண்டிஷன் பண்ணி ஒரு வருசம்தான் ஆச்சு. இஞ்சின்தான் போயிருச்சு. அட, நீங்க ஒரு போன் பண்ணியிருந்தா சும்மாவே கழட்டிக் குடுத்திருப்பேனே.”

அப்போதே பழைய இரும்புக்காரரின் எண்ணை வாங்கி அழைத்தேன். அந்த லாரி நேராக உருக்காலைக்குப் போய்விட்டது. நசுக்கிக் கட்டியாயிற்று என்றார். அவரும் மரியாதையாகத்தான் பேசினார். அன்று முழுவதும் என்னிடம் தவறாக நடந்துகொண்டவர் ஒருவரும் இல்லை. யாரையாவது திட்ட முடிந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புது வண்டி ஒன்று பார்க்கலாமே என்று மைத்துனன் முன்பே சொல்லியிருந்தான். பார்த்தோம். சறுக்குக் கதவுள்ளவை எல்லாம் இப்போது உயரமாக இருக்கின்றன, அல்லது இருக்கை திரும்புவதில்லை. சக்கர நாற்காலியோடு உள்ளே போகும் வசதி செய்த வேன் ஒன்றைக் காட்டினார்கள். பின்பக்கம் பலகை இறங்கும், ஆளை அப்படியே உருட்டி ஏற்றிப் பட்டையால் கட்டிவிடலாம். அவள் படத்தைப் பார்த்தாள். “லக்கேஜ் போற எடம்ல இது?” என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவிடவில்லை.

பொந்தியான் போனுக்கு மறுநாள்தான் அந்தக் கதையை அவளிடம் சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, “பாவம், அந்த ஆளு. நீங்க எழுதுனத யாரு அவ்வளவும் படிப்பா?” என்றாள். பிறகு கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள். பொமென் போன் பண்ணினாரா என்று அதன்பின் அவள் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவள் தலை சீவி, பொட்டு வைத்து, ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். உடை மட்டும் மாற்றவில்லை.

“நீங்க போய்ச் சொல்லிருங்க, வரலன்னு.”

“ஒரு தடவ விட்டாலே மூச்சு வாங்கும்னு டாக்டர் சொன்னாரே.”

“எனக்கும்தான் சொன்னாரு.”

“பிள்ளைங்ககிட்ட நான் என்ன சொல்றது?”

“அம்மாவே முடிவெடுத்தாள்னு சொல்லுங்க. என்னை அவங்களுக்குத் தெரியும்.”

ஹார்ன் இரண்டாவது முறை கேட்டது. கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனேன். உதவியாளர் ஏற்கெனவே இறங்கி, கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா அங்கிள்?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“இன்னிக்கு வரல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த வேலையில் இதைப் பலமுறை பார்த்திருப்பார் போலும். “செவ்வாக்கெழம வரட்டா?”

“வாங்க” என்றேன். அவளைக் கேட்காமல்தான் சொன்னேன். அவர்கள் அடுத்த நோயாளியின் வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள்.

உள்ளே வந்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். நாற்காலியை உருட்டிக்கொண்டு தானே போயிருக்கிறாள். பெரிய சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, நிறுத்தாமல் குடித்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகம் நின்றவர்களுக்குத் தண்ணீர் உடம்பிலேயே தங்கி நெஞ்சை அடைத்துவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து, மிடறு மிடறாக, இத்தனை மாதமாக நான்தான் கொடுத்துவந்தேன். டம்ளரைக் கவிழ்த்து மேசையில் வைத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு நாளாச்சு இப்படிக் குடிச்சு” என்றாள். “ஐஸ் இருக்கா? இருந்தா இன்னொன்னு போட்டுக் கொண்டாங்க.”

ஐஸ் இருந்தது. குளிர்பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தபடி அங்கேயே நின்றேன்.