புரட்டாசிச் சனியில் அகப்பட்ட மீன்

ஓய்வுபெற்றவனுக்கு ஆலோசனை சொல்ல ஊரே வரிசையில் நிற்கும். நட, நீந்து, பேரப்பிள்ளைகளைப் பார். நான் ஈத்தூண்டில் பழகப் போனேன். நூலகத்தில் அகப்பட்ட ஆங்கிலக் கையேடு, அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்ற மீனை இறகும் மயிரும் சுற்றிய போலிப் பூச்சியால் பிடிப்பதைப் பற்றியது. நோர்வேயில் பாஸ் கிடையாது. அதற்குக் கிட்டிய உறவு அப்போர்: பச்சை உடம்பில் கறுப்புப் பட்டி, சிவந்த செட்டை, தொட்டால் குத்தும் முதுகு முள். ஒஸ்லோவின் அம்மருட்டில் எங்கள் மாடிக் குடியிருப்புக்குப் பின்னால் மேடேறினால் வரும் ஏரியில் அது நிறைய.

அந்த ஏரியில் தூண்டில் போடுபவர்களுக்கு ஒரு கழகம் இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். முதல் நாள், வந்திருந்த அத்தனை பேரிலும் என்னிடம் மட்டும் மீன்பிடி அட்டை இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். அட்டையைக் கேட்கும் அதிகாரம் யாருக்கு உண்டு, கழகத் தலைவருக்கு ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். நகரசபையில் விண்ணப்பங்களைத் தீர்மானித்தே நரைத்தவன் நான். விதி தெரியாதவனின் அதட்டலைப்போல எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை.

அன்றே கழகக் கூட்டத்தில் இரண்டாவது சண்டை. பிடித்த மீனைக் கொல்லக்கூடாது என்றார். கையை நனைத்து, மெல்லத் தாங்கி, ஒரு படம் எடுத்து, தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். அதுதான் மீனுக்குச் செய்யும் மரியாதையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வடக்கே மீன் தொழிற்சாலையில், விறைத்த விரல்களோடு மீன் கிழித்தவன் நான். தின்பதற்காகக் கொல்வது எனக்கு விளங்கும். வாயில் முள்ளைக் குத்தி, அலைக்கழித்து, மூச்சுத் திணறவைத்துப் படமெடுத்து, ‘போய் வா’ என்று அனுப்புவது மரியாதையா என்று மீனிடம்தான் கேட்க வேண்டும். இதை எழுந்து நின்று சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

“நான் பிடிக்கும் முதல் மீன் என் வீட்டுச் சட்டிக்குள் போகும். விட்டேன் என்றால், அதன்பிறகு இந்தக் கழகத்தில் வாயே திறக்கமாட்டேன்.”

“கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்,” என்றார் தலைவர் செயலாளரிடம்.

கோடை முழுக்க மீன் வரவில்லை. கயிற்றைப் பின்னால் வீசி, அது காற்றில் நீளும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் வீச வேண்டும். எனக்கேது பொறுமை. என் பூச்சிகள் எல்லாம் பின்னால் நின்ற பிர்ச் மரங்களில் தொங்கின.

“மீன் வேணுமெண்டால் ரவுணில, குறொன்லாண்டில கடை இருக்கு,” என்றார் மனைவி. “மரத்தில மீன் பிடிக்கிற ஆள் ஒஸ்லோவில நீங்கள் ஒராள்தான்.”

செப்ரெம்பர் பிற்பாதியில் ஒரு சனிக்கிழமை. மனைவி விடியவே கோயிலுக்குப் போயிருந்தார். நானும் கழகத்தாரும் ஏரிக்கரையில். அன்றைக்கு ஏனோ பொறுத்தேன். கயிறு நேராகப் போய் விழுந்தது. பூச்சியைச் சிறிது சிறிதாக இழுத்தேன், கோல் வளைந்தது. என் முழங்கை நீளத்துக்குக் கிட்டவாக ஒரு அப்போர்! வலைக்குள் எடுத்து, தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“இஞ்சாருமப்பா, சட்டியை அடுப்பில வையும்.”

“இண்டைக்கு என்ன கிழமை?”

“சனி.”

“என்ன மாசம்?”

நாட்டின் விதியெல்லாம் தலைகீழாகத் தெரிந்தவனுக்கு, குசினிக் கதவில் தொங்கும் கோயில் நாட்காட்டி தெரியவில்லை.

“புரட்டாசிச் சனி! இப்பதான் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிச்சுப்போட்டு வாறன். நீங்கள் அங்கை நிண்டு உயிர் கொல்லுறியள்.”

“இன்னும் கொல்லேல்லை. குளிர்பெட்டியில வைச்சு நாளைக்கு…”

“இண்டைக்குச் செத்த மீன் நாளைக்கு மரக்கறியாகுமோ? விடுங்கோ அதை. இந்தப் படி ஏறாது.”

வலைக்குள் மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. தலைவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சனீஸ்வரனை நோர்வேஜிய மொழியில் விளக்க எனக்குச் சொற்கள் இருந்தன. இவருக்கு ஏன் விளக்க வேண்டும்? குனிந்து கையை நனைத்தேன். மீனைத் தாங்கினேன். அது வாலை ஒருமுறை அடித்து என் முகத்தில் தண்ணீரை வீசிவிட்டுப் போயிற்று.

“இப்போது புரிந்துவிட்டது உங்களுக்கு,” என்று தலைவர் என் தோளில் தட்டினார். அவரை ஏரிக்குள் தள்ளாமல் விட்டது, அன்று நான் காத்த இரண்டாவது விரதம்.

வீட்டில் மனைவி கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தார். “நாளைக்கு ஞாயிறுதானே,” என்றார். “போய் அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்.”

குளிர்காலத்தில் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். தலைவர், ஆண்டறிக்கைக்குக் கூட்டத்தின் ஒப்புதலைப் பெறாமலே தேர்தலைத் தொடங்கினார். தலைவர் பதவிக்குத் தானே போட்டியிட்டு, தூக்கிய கைகளைத் தானே எண்ணினார். கழக யாப்பு விதிகளில் அவர் மீறாத பிரிவு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொன்றும் என் நாக்கு நுனியில் நின்றது.

“யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டுவிட்டு, என்னைத்தான் பார்த்தார்.

செயலாளருக்கு முன்னால், என் சபதம் எழுதிய கூட்டக் குறிப்பு கிடந்தது. பல்லைக் கடித்தபடி இருந்தேன். அன்று புதன்கிழமை, மீன் தின்னக்கூடிய நாள்.