செல்வம் சபையில் சொன்னது

காரியாபட்டியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது செல்வத்தின் மனைவி ராக்கம்மாளிடமிருந்து போன் வந்தது. "அக்கா, அவுக போயிட்டாகக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரி போய்ச் சேரல." மதுரைக்குப் போகவேண்டியவள் எதிர்ப்பக்கம் ஓடி அருப்புக்கோட்டைக்கு ஏறினேன்.

விசைத்தறி பழுது பார்க்கும் செல்வத்தை உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கு அவன், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் தாவணி போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி. பின்னாளில் அவனே ஊரறியச் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கெல்லாம் சடங்கு நடந்தது. அவனுக்கு நடக்கவில்லை. குரல் உடைந்தது, மீசை அரும்பியது. பேய் என்று கோயில் கோயிலாக இழுத்துப்போய் அடித்தார்கள். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா விளக்கினார். கருவில் ஆண் உறுப்பு முழுதாக உருவாக, ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றும் நொதி தேவை. அவனுக்கு அது பிறவியிலேயே குறைவு. அதனால் பிறந்தபோது பெண்ணாகத் தெரிந்தான். சொந்தத்தில் மணந்த அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வந்த குறை. "யார் செஞ்ச பாவமும் இல்லை" என்றாராம்.

பெயரை மாற்றிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டான். முதன்முதலில் வேட்டியில் பார்த்தபோது 'ஏடி' என்று வாயெடுத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஏலேன்னு கூப்பிடு, பழகிரும்" என்று சிரித்தான். ராக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கல்யாணம் செய்தான். அவள் வீட்டாருக்கு மட்டும் தெரியாது.

அவன் தங்கையைப் பாலவனத்தத்தில் மாமன் மகனுக்கே கொடுத்திருந்தார்கள். அவளுக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் அதே குறை என்று சோதனையில் தெரிந்தது. வெளியே தெரியுமுன் ஆபரேஷன் செய்து பெண்ணாகவே வளர்த்துவிடலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். செல்வத்தின் மாமனாரும் இருந்தார். நானும் போயிருந்தேன்.

செல்வம் எழுந்தான்.

"நானும் இந்தப் பிள்ள மாதிரி பொறந்தவந்தான். செல்வின்னுதான் எனக்குப் பேரு வச்சாக. இதுனால இப்ப உசுருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாக. வளரட்டும். அது யாருன்னு அதுகிட்டக் கேட்டுட்டு அப்புறம் கத்தியத் தொடுங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். சாகும்வரை மகள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. ஆபரேஷன் நின்றது. திரும்பும் வழியில் செல்வம் பஸ் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்து அழுதுகொண்டே வந்தான்.

குழந்தை வளர்ந்தது. தன்னைப் போலவே பையனாகத்தான் வரும் என்று செல்வம் உள்ளுக்குள் நம்பியிருந்தான். சின்னதாக ஒரு சைக்கிள்கூடப் பார்த்து வைத்திருந்தான். விவரம் தெரிந்த வயதில் டாக்டர் கேட்டபோது அவள் இவனைப் பார்த்துச் சொன்னாள்: "நான் பொண்ணுதான் மாமா. எனக்குத் தெரியும்."

செல்வத்தின் முகம் வாடியதை நான் பார்த்தேன். ஆனால் உடனே, "சரித்தா. அதுக்கு வேண்டிய வைத்தியத்தப் பாப்போம்" என்றான். மதுரைக்கு ஒவ்வொரு முறையும் அவனே கூட்டிப்போனான்.

செல்வத்துக்குப் பிள்ளை இல்லை. அன்று அருப்புக்கோட்டையில் யார் கொள்ளி வைப்பது என்று பேச்சு வந்தபோது, "நான் வைக்கிறேன்" என்றாள் அந்தத் தங்கை மகள். "பொம்பளப்பிள்ள சுடுகாட்டுக்கு வரலாமா?" என்று யாரோ முனகினார்கள். "அவதான் வைக்கணும்" என்றாள் ராக்கம்மாள். அவளே வைத்தாள்.

முகம் வாடியும் வாக்கு மாறாமல் அவன் நின்ற அந்தக் கணத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.