சுண்ணாம்பைக் கழுவச் சொன்ன எக்ஸ்ரே முனிரத்தினம்

எக்ஸ்ரே முனிரத்தினம் அண்ணா காலையில் போய்விட்டார்.

முதலில் நான் நம்பவில்லை. வாட்ஸ்அப்பில் இவரை ஏற்கெனவே ஒருமுறை சாகடித்தவர்கள்தானே... அவர் மகளுக்கு போன் போட்டு, அவள் அழுத பிறகுதான் நம்பினேன்.

கேஜிஎஃப் தங்கச் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூமில் இருந்தவர். வலி என்று யார் வந்தாலும் ஷிஃப்டுக்கு டிமிக்கி கொடுக்க வந்தவன் என்றே பார்ப்பார். நாங்களோ அவரைக் கம்பெனி ஆள் என்போம்.

எழுபதுகளில் ஒருநாள், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள் என் வீட்டுக்காரர் தலையில் கல் விழுந்தது. வீக்கத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுத்தான் கூட்டிப்போனேன். எங்கள் லைன் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்.

அண்ணா எடுத்த படத்தில் அந்த இடம் வெள்ளைத் திட்டாக விழுந்திருந்தது.

"இன்னாம்மா இது? பிலிம்ல வெள்ளையா காட்டி லீவு வாங்க எவன் சொல்லிக் குடுத்தான்? கழுவு மொதல்ல."

மருந்தைக் கழுவிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி மறுநாளே கேஜ் லிஃப்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் அனுப்பிவிடுவார்கள்... வீட்டுக்காரரோ நிற்க முடியாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"கழுவமாட்டேண்ணா."

"அப்போ பொய்தான்."

ரோஷத்தில் நானே சோப்புப் போட்டுக் கழுவினேன். அடிபட்ட பக்கம் பிளேட்டில் படும்படி தலையைச் சாய்த்து வைத்து மறுபடி எடுத்தார். ஈரம் காயாத பிலிமை விளக்கு முன் பிடித்து, பேப்பரைக் குழலாகச் சுருட்டி அது வழியாகப் பார்த்தார்.

திட்டு இருந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு.

"மண்ட எலும்பு விரிசல் விட்டுகீதும்மா."

"பிலிம்ல வுழுந்த கீறலா இருக்கும்" என்றேன். அவ்வளவு சந்தேகம் எனக்கு!

முறைத்தார். இன்னொரு பிலிம் எடுத்தார். கோடு அதே இடத்தில்...

டாக்டரைக் கூப்பிட முனிரத்தினம் அண்ணாவேதான் ஓடினார். உடனே பெட்டில் சேர்த்தார்கள்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. பல வருஷம் கழித்து கோரமண்டல் ஸ்டேஷனில் பார்த்தபோதும் வீட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பவும் தல வலிக்குதா? நெஜமாவா?"

வீட்டுக்காரர் இதோ சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார். எண்பது வயசில் பாடைக்குத் தோள் கொடுத்தே தீருவேன் என்று அடம்.

நான் தடுக்கவில்லை.

போய் வாங்க அண்ணா...